சுவரைத் தட்டிப் பார்த்து வாங்கிய வீடு

சென்ற வாரம் எஸ்டேட் கைமாறிய இடத்தில் நிறுத்தியிருந்தேன். புது முதலாளி நல்ல மனிதர். கணக்கெழுதும் பழைய ரைட்டர்களை, என் கணவர் உள்பட, வேலையை விட்டு அனுப்பவில்லை. அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸை மட்டும் விருந்தினர் தங்கும் இடமாக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். காப்பிப் பழம் பறித்து முடிகிறவரை தவணை. எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் வாடகை வீடு கிடைப்பது, சீசன் நேரத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைப்பதைப் போல.

ஆகவே, சொந்த வீடு. அந்தக் கதையை என் கணவர் சுவரைத் தட்டுகிற காட்சியிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

கிளியூர் போகும் சாலையில் ஒரு மேட்டின் மேல், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி வாசல்வரை வந்து நின்ற காலை. என் கணவர் கந்தசாமி முன்னறைச் சுவரில் காதை வைத்து, விரலை மடக்கி, டொக் டொக் என்று தட்டினார். ஒரு முழம் தள்ளிப்போய் மறுபடி தட்டினார். கண்ணை மூடிக் கேட்டார்.

வீட்டுக்காரர் ஸ்டெல்லா அம்மா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் மகனோடு போய் இருக்க முடிவு செய்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் கேட்டார்:

"என்ன சார், நிமோனியாவா?"

என் கணவர் சிரிக்கவில்லை. "உள்ளே பொந்தா இருக்குமாட்டத் தெரியுதுங்க" என்றார். இன்னொரு தட்டு தட்டினார். கையகலக் காரை பெயர்ந்து நேராக அவருடைய சட்டைப் பைக்குள் விழுந்தது.

டயர் பார்க்கும் ரைட்டர்

அவருடைய குணத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பெண் பார்க்கச் சேலத்துக்கு வந்தபோது நான் காப்பித் தட்டோடு வந்து நிற்க, மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பார்க்கக் கூச்சப்படும் பிள்ளை என்று என் அம்மாவுக்குப் பெருமை. அவர் பார்த்தது மின்விசிறி தொங்கிய கொக்கியை. சற்று நேரத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

மலையிறங்கிச் சேலம் போவதென்றால் பஸ்ஸைச் சுற்றி வந்து டயர்களைப் பார்ப்பார். கண்டக்டர்களுக்குப் பழகிவிட்டது. "ரைட்டரய்யா பாத்துட்டாருங்க, போலாம் ரைட்!" என்று விசில் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் நான், பஸ் முழுக்கச் சிரிக்கிற சிரிப்பில் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர், நடேசன். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சீசன் வேலைக்காக மலையேறி வந்தவர், அப்படியே ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பொறுப்பில் தங்கிவிட்டார். அவர் எதையும் யோசிக்காதவர். வண்டியைப் பார்க்காமலே, பச்சைக் கலர் என்று சொன்னதைக் கேட்டு ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். அது முதல் கொண்டை ஊசி வளைவுக்குமேல் ஏறவே இல்லை. இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தி, கோழி அடைத்து வைத்தார். "கோழிக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்க டீச்சர்" என்று என்னிடம் மனதாரச் சந்தோஷப்பட்டார்.

இந்த இரண்டு பேரும் எப்படிச் சிநேகிதர்கள் ஆனார்கள் என்று நடேசனுடைய மனைவி வசந்தாவும் நானும் பல நாள் பேசியிருக்கிறோம். விடை கிடைத்ததில்லை.

மலை எங்கே போகும்?

பழைய வீட்டுக்குப் போட்டியாக ஒரு புது வீடு இருந்தது.

சேலத்துக் கான்ட்ராக்டர் ஒருவர் ஊருக்குச் சற்று வெளியே மேட்டை வெட்டிச் சமமாக்கி, ஒரே மாதிரி வீடுகளை வரிசையாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். கான்கிரீட் தளம், மொசைக் தரை, வீட்டுக்குள்ளேயே குளியலறை, திருகினால் தண்ணீர். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிந்தது. ஸ்டெல்லா அம்மா வீட்டில் சுவிட்சைப் போட்டால் ஒரு சத்தம் வந்து, யோசித்து, அப்புறம் எரியும்.

என் கணவர் புது வீட்டுச் சுவரைத் தட்டினார். விரல் வலித்தது. அந்த வலியில் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"கேட்டியா அம்மிணி? டங்குங்குது."

வீட்டுக்குப் பின்னால், வெட்டிய மலை செங்குத்தாக நின்றது. செம்மண். நடுவில் ஒரு வேர் பாதி வெளியே தொங்கியது. நான் அதைக் காட்டிக் கேட்டேன்.

கான்ட்ராக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார். "மலை எங்கீங்க போயிரும்? அது பாட்டுக்கு அங்கதானுங்க நிக்கும்."

எனக்குப் பழைய வீடுதான் பிடித்திருந்தது. காரணத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். சமையலறையில் ஒரு ஜன்னல். மரச் சட்டத்தில் சதுரம் சதுரமாகக் கண்ணாடி வைத்தது. திறந்தால் காப்பிச் செடிச் சரிவு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் வெளி. அதற்கும் கீழே, மஞ்சு விலகினால், சேலத்துச் சமவெளி விரித்த பாயைப் போலக் கிடக்கும். குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஜன்னலே கிடையாது. பத்து வருஷமாகக் கரிப்பிடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு குழம்பு கொதிக்க வைத்தவளுக்கு, அந்த ஜன்னல் ஒன்றே வீடாகத் தெரிந்தது.

"ஜன்னலுக்காக யாராச்சும் ஊடு வாங்குவாங்களா?" என்றார் அவர். அப்புறம் தன் பக்கத்து நியாயங்களை அடுக்கினார். ஓட்டுக்கு அடியில் இருக்கும் கட்டைகள் கரையான் அரித்திருக்கலாம். சுவர் மண்ணா கல்லா என்று யாருக்கும் தெரியாது. கூரைக்குள் பாம்பு இருக்கலாம். "பழைய ஊட்டுல கை வெச்சா எங்க போயி முடியும்னு தெரியாது அம்மிணி. புது ஊட்டுல எல்லாம் கண்ணு முன்னால இருக்குது."

உண்மையிலேயே எல்லாம் கண் முன்னால்தான் இருந்தது, மலை உள்பட.

எங்கள் மகள் சுமதிக்கு அப்போது மழைக்காலம் வந்தால் மூச்சிழுப்பு வரும். "புது ஊட்டுல ஈரம் இருக்காது, புள்ளைக்கு நல்லது" என்றார். அதோடு என் ஜன்னல் மூடிக்கொண்டது.

கொய்யா மரத்துக்காக

நாங்கள் வேண்டாம் என்றதை ஸ்டெல்லா அம்மாவிடம் சொல்லப் போனபோது நடேசனும் கூட வந்தார். எங்களுக்குத் துணைக்குத்தான் வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் காய்த்துத் தொங்கியது. ஒன்றைப் பறித்துக் கடித்தார். உள்ளே சிவப்பு.

"ஏனுங்கண்ணா, நீங்க நெசமாலுமே வேண்டாம்னுட்டீங்களா?"

"ஆமா நடேசா."

"அப்ப நான் எடுத்துக்கறனுங்க."

என் கணவர் அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் கரையான், கட்டை, பாம்பு எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். நடேசன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொய்யாப்பழம் நொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா" என்றார்.

அந்தத் தை மாதத்தில் நாங்கள் புது வீட்டில் பால் காய்ச்சினோம். நடேசனும் வசந்தாவும் இரண்டு பையன்களோடு ஓட்டு வீட்டுக்குள் போனார்கள். ஒருவர் வீட்டுப் பாலை மற்றவர் குடித்து, ஒருவருக்காக ஒருவர் மனதுக்குள் பரிதாபப்பட்டுக்கொண்டோம்.

பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்

நடேசன் வீட்டில் முதலில் ஒரே ஒரு ஓடுதான் மாற்ற வேண்டியிருந்தது.

அதற்கு ஆறுமுகம் மேஸ்திரி வந்தார். இந்த மலையில் பாதி வீடுகளைப் பழுது பார்த்தவர். அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பிரிச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்." ஓட்டைப் பிரித்துப் பார்த்தார், அடியில் சட்டம் உளுத்திருந்தது. சட்டத்தைப் பிரித்துப் பார்த்தார். அதைத் தாங்கிய உத்தரம் சரியில்லை. உத்தரத்தை எடுத்தபோது அது இவ்வளவு காலமும் தாங்கிக்கொண்டிருந்த சுவர், பொறுப்பு விட்ட மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்தது. கூரைக்குள் பாம்பு இல்லை. தேன்கூடு இருந்தது. மேஸ்திரி ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. வந்தபோது ஒரு கண் மட்டும் திறந்திருந்தது.

பாதி வீட்டுக்கு ஓடும் மீதிக்குத் தார்ப்பாயுமாக முதல் மழைக்காலம் வந்தது. வசந்தா மூன்று அடுப்புக் கற்களையும் தூக்கிக்கொண்டு ஒழுகாத மூலையைத் தேடி வீட்டுக்குள்ளேயே குடி மாறிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "நான் அப்பவே சொன்னன்" என்று அவர் சொன்னதே இல்லை. ஆனால் அங்கிருந்து திரும்பி வந்ததும் எங்கள் வீட்டுச் சுவரை ஒரு தட்டு தட்டுவார்.

டங்.

வியர்க்கும் வீடு

எங்கள் புது வீடு முதல் மழைக்கு வியர்த்தது.

மொசைக் தரையில் நீர் முத்து முத்தாகப் பூத்தது. துணியால் துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி பூத்திருக்கும். பீரோவில் இருந்த பட்டுப்புடவையில் வெள்ளையாகப் பூஞ்சை. உப்பு ஜாடியில் உப்பு இல்லை, உப்புத் தண்ணீர் இருந்தது. இரண்டாவது மழைக்குக் கான்கிரீட் தளத்தில் மெல்லிய கோடு விழுந்து, அதன் வழியாகச் சொட்டத் தொடங்கியது. பின் படுக்கையறைச் சுவரில் மலையிலிருந்து வரும் ஈரம் ஒரு தேசப்படம் வரைந்து, வருஷா வருஷம் எல்லையை விரித்துக்கொண்டு போனது.

சுமதிக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. ராத்திரியெல்லாம் அவளை மடியில் சாய்த்து உட்கார வைத்திருப்பார் என் கணவர். கான்ட்ராக்டரைப் பார்க்கச் சேலத்துக்குப் போனார். "புது ஊடுங்க, நாலு மழை பாத்தாத்தான் செட்டாகும்" என்று அவர் சொல்லியனுப்பினார். பிள்ளை செட்டாக எத்தனை மழை வேண்டுமென்று அவர் சொல்லவில்லை.

அதன் பிறகு என் கணவர் சுவரைத் தட்டுவதை நிறுத்திக்கொண்டார். பேசுவதையும் குறைத்துக்கொண்டார். இத்தனை யோசித்து எடுத்த முடிவு இப்படியாகிவிட்டதே என்று அவர் உள்ளுக்குள் நொறுங்கிப்போனார். ஜன்னல் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுக்காததே அவருக்குப் பெரிய குத்தலாக இருந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் வசந்தா வீட்டுக்குப் போய்விடுவேன். பாதி கூரை இல்லாவிட்டால் என்ன, சமையலறை ஜன்னல் இருந்தது. அதன் பக்கத்தில் நின்று காப்பி குடிப்பேன். சுமதி அங்கே வந்தால் மூச்சு சீராக விடுவாள். அந்த வீட்டில் காற்று நாலு பக்கமும் புகுந்து வந்தது, சில இடங்களில் சுவர் வழியாகவே. வசந்தாவோ பையன்களை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். குளியலறையில் குழாயைத் திருகி, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

ஒருநாள் அவள்தான் சொன்னாள். "அக்கா, நானொன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க என்ற ஊட்டுக்கு வந்துருங்க. நான் உங்க ஊட்டுக்கு வந்தர்றேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். இருவரும் சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நடேசன் கேட்டதும், "செஞ்சுட்டாப் போச்சுங்க" என்றார். என் கணவர், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசித்தார். பங்குனியில் காப்பி பூத்தது. யோசித்தார். சீசன் வந்து, ஊர் முழுக்கக் கார்கள் நிறைந்து, மறுபடி காலியானது. இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் கூரை. இங்கே மலை, அங்கே கரையான். தீபாவளிக்கு அப்புறம் முடிவைச் சொல்வதாக நடேசனிடம் தவணை வாங்கியிருந்தார்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், சுமதிக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "சரி அம்மிணி. மாத்திக்கலாம். நாளைக்கு நடேசன்கிட்டச் சொல்லிர்றேன்."

மலை வந்தது

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவர் பின் படுக்கையறையில் இருந்த சுமதியின் கட்டிலை முன்னறைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உடம்பு முடியவில்லையென்று லீவு போட்டிருந்தார்.

"எதுக்குங்க?"

"சுவத்துல வர்ற தண்ணி நேத்துவரைக்கும் தெளிவா இருந்துச்சு. இன்னைக்குச் செவப்பா வருது."

"மலையையும் தட்டிப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

மழை வலுத்ததால் மத்தியானமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். எங்கள் தெரு முனைக்கு வந்தபோது ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வீட்டின் முன்பக்கம் வழக்கம்போல நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே பார்த்தால், சமையலறைக்கும் பின் படுக்கையறைக்கும் போகும் வழி முழுக்கச் செம்மண். வெளியே பாதி தொங்கிக்கொண்டிருந்த அந்த வேர், மரத்தோடு முழுசாக உள்ளே வந்திருந்தது. படுக்கையறையில் கட்டில் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மண்.

என் கணவர் எதிர்வீட்டு வாசலில் சுமதியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கம்பளி சுற்றியிருந்தார். அவளுடைய ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. நான் அவளை வாங்கிக்கொண்டேன். அவர் கைகள் அவளைத் தூக்கிய நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றன.

"கட்டிலை நகத்தலீன்னா..." என்று ஆரம்பித்தார். டயர் பார்க்கிறவர் என்று நான் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

கான்ட்ராக்டர் இரண்டு நாள் கழித்து வந்தார். மழையில்லாத நாள் என்பதால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கச் சுவர்கள் விரிசல் இல்லாமல் ஒரே துண்டாகத்தான் சாய்ந்திருக்கின்றன என்பதை எல்லோருக்கும் காட்டினார். "கட்டடத்துல தப்பே இல்லீங்க. மலையிலதான் தப்பு" என்றார்.

சொன்ன சொல்

செய்தி கேட்டு ஹோட்டலில் இருந்து மண்வெட்டியோடு ஓடி வந்த நடேசன், எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஓடு இருந்த பாதியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் தார்ப்பாய்ப் பக்கம் போய்க்கொண்டார்கள்.

கான்ட்ராக்டர் வந்துபோன அன்று சாயங்காலம், எல்லோரும் சமையலறையில் இருந்தோம். வசந்தா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நடேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அண்ணா, நம்ம பேசுனது பேசுனதுதானுங்க. தீவாளி முடிஞ்சதும் மாத்திக்கலாம். மண்ணை அள்ளிப் போட்டுப் பின்னாடி ஒரு சுவரு வெச்சா ஊடு ஊடுதானுங்களே?"

வசந்தா தோசையைத் திருப்பவில்லை. தீய்கிற வாசனை வந்தது. அவள் நடேசனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவளுடைய பையன்கள் சுமதியோடு தரையில் உட்கார்ந்து, தட்டில் வந்த தோசைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரியும், நடேசன் சொன்னால் செய்வார். பார்க்காமல் ஜீப் வாங்கியவர். பார்த்துவிட்டும் அந்த வீட்டை வாங்குவார். என் கணவர் 'ம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மண் மூடிய வீடு அவர்களுக்கு, இந்த வீடு எங்களுக்கு. ஜன்னல் உள்பட. அந்த ஒரு நிமிஷம் என் மனது என்ன நினைத்தது என்று இப்போதும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

"எதை மாத்திக்கறது?" என்றார் என் கணவர்.

"ஊட்டைத்தானுங்க."

"நான் சரின்னே சொல்லலியே நடேசா. யோசிச்சுட்டுத்தான இருந்தேன்."

"அதுக்கில்லீங்கண்ணா..."

"யோசிச்சுப் பாத்தேன். வேண்டாம்னு தோணுச்சு. மண்ணு சரியறதுக்கு முந்தின நாளே முடிவு பண்ணிட்டேன். வேணும்னா டீச்சரைக் கேளு."

நடேசன் என்னைப் பார்த்தார். என் கணவரும் என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாததால் காது இரண்டும் சிவந்திருந்தன.

"ஆமாங்க. வேண்டாம்னுதான் சொன்னாரு" என்றேன்.

"என்ற புள்ளைய அந்த ரூம்புல படுக்க வெக்க முடியல. உன்ற பசங்களைப் படுக்க வெப்பனா?" என்றார் அவர், தோசைத் தட்டைப் பார்த்துக்கொண்டே.

வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரிந்த தோசையைச் சுரண்டி எடுத்தாள். நடேசன் அண்ணாந்து ஓட்டைப் பார்த்துக்கொண்டு தாடையைச் சொறிந்தார். அவர் யோசித்து நான் பார்த்ததும் அதுதான் முதல் தடவை.

"அப்ப ஒன்னு பண்ணுங்க. இங்கயே இருந்துருங்க. பாதிய நீங்க எடுத்துக்கங்க. எப்படியும் இதை ஒருத்தனாக் கட்டி முடிக்க என்னால ஆகாதுங்க."

என் கணவர் வாயைத் திறந்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார்.

பங்காளி

புது வீட்டைப் பிரித்துப் பழைய வீட்டைக் கட்டினோம். கதவுகள், கம்பி ஜன்னல்கள், தண்ணீர்த் தொட்டி, வசந்தாவுக்குப் பிடித்த அந்தக் குழாய், எல்லாம் கழன்று லாரியில் வந்தன. "இத்தனை வருசத்துல இப்படியொரு வேலை பாத்ததில்லீங்க" என்று ஆறுமுகம் மேஸ்திரி எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். என் கழுத்தில் காதில் இருந்தவை கூரைச் சட்டங்களாயின. மிஞ்சிய புது வீட்டின் மேல் யாரோ சௌசௌ கொடியைப் படர விட்டார்கள். நல்ல காய்ப்பு என்று கேள்வி.

இரண்டு பேர் சேர்ந்து வீட்டைப் பழுது பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. நடேசன் ஒரு பக்கம் இடித்துக்கொண்டே போவார்; என் கணவர் பின்னாலேயே முட்டுக் கொடுத்துக்கொண்டு போவார். சாயங்காலம் சண்டை போடுவார்கள். காலையில் ஒரே பாத்திரத்துச் சுண்ணாம்பை ஆளுக்கொரு பக்கம் அடிப்பார்கள். நடேசனுக்குப் பச்சை பிடிக்கும் என்பதால் எங்கள் வீட்டில் ஒரு பாதி பச்சை.

பத்திரம் பதியப் போனபோது குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "ரெண்டு பேரும் என்ன ஒறவுங்க?"

நடேசன் சட்டென்று, "பங்காளிங்க" என்றார்.

என் கணவர் என் காதருகில் குனிந்தார். "பங்காளின்னா அடிச்சுக்குவாங்களே அம்மிணி?"

"இப்ப மட்டும் என்ன பண்றீங்களாம்?" என்றேன்.

ஜன்னலைப் பற்றிக் கேட்பீர்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். நடேசன் வாசலிலேயே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார். "டீச்சர், உள்ள போயிப் பாருங்க." போய்ப் பார்த்தேன். அந்தச் சதுரக் கண்ணாடி ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, எங்கள் புது வீட்டுக் குளியலறை ஜன்னலைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார். பால் போல வெள்ளையான கண்ணாடி. சமவெளியும் தெரியாது, சரிவும் தெரியாது.

"பழசுல காத்து உள்ள வந்துட்டே இருந்துச்சுங்க. உங்களுக்காகத்தான்" என்றார்.

நான் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு அந்த ஜன்னலை மூடவே இல்லை. மழையடித்தாலும் திறந்துதான் இருக்கும். வசந்தா ஈரத்தைத் துடைப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள்.

மழை

கூரை முழுவதும் முடிந்த வருஷம், ஐப்பசியில் முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. சாப்பிட்டு முடித்திருந்தோம். வானம் இருட்டியதுமே வசந்தாவும் நானும் பழக்கதோஷத்தில் குண்டான், வாளி, அண்டா, டபரா என்று எல்லாவற்றையும் எடுத்து இரண்டு பாதியிலும் பரப்பிவிட்டோம். பிள்ளைகள் ஓரமாக ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சுமதி, தன் பக்கத்தில் முதல் சொட்டு விழும் என்று பையன்களோடு பந்தயம் கட்டினாள்.

மழை ஓட்டின் மேல் இறங்கியது. பேச்சுக் கேட்காத மழை. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பாத்திரத்திலும் சத்தம் வரவில்லை. மறுபடியும் பார்த்தோம். வரவில்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

நடேசனால் உட்கார முடியவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, பாத்திரங்களுக்கு நடுவே காலை வைத்து வைத்து, மூலை மூலையாக அடித்துப் பார்த்தார். சுவரில் கையை வைத்துப் பார்த்தார். விரலை மடக்கி ஒரு தட்டும் தட்டினார். மழை சற்றுத் தணிந்ததும் மெதுவாக என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"டீச்சர், எனக்கென்னமோ பயமா இருக்குதுங்க. அந்த மூலையில ஒரு சத்தம் கேக்குது, கவனிச்சீங்களா? கட்டை முறியறாப்பல?"

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மூலையில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, காலை ஒரு அண்டாவின் மேல் நீட்டி, என் கணவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அது அவரோட குறட்டைங்க" என்றேன்.